ஜாஹிதா சொன்ன படம்

ஜாஹிதா என்ற பெயரைப் பத்மாவதியம்மாள் முதன்முதலில் கேட்டது, அரைக்காத சட்டினிக்கு முன்னால் நின்றபோது. எண்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். காந்திபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல் நஞ்சம்மாள் கையில். ஞாயிற்றுக்கிழமையானால் நஞ்சம்மாள் ஒன்பது மணிக்கு மேல் அடுப்படியில் இருப்பதில்லை. அன்றைக்குப் பின்வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போயிட்டு வார, நஞ்சா?"

"கோட்டைமேட்டுக்குங்கம்மா. எங்க ஊட்டுக்கு ரெண்டு சந்து தள்ளி ஜாஹிதான்னு ஒரு புள்ள. டிவியில இந்திக் கதை ஓட ஓடக் கூடவே தமிழ்ல சொல்லிப்போடறா. பொட்டிக்குள்ள பேசறவங்க வாயை மூடிக்கலாமுங்க, அத்தனை நல்லாச் சொல்றா."

"அப்ப சட்டினி?"

"பாதியில எந்திரிச்சு வர முடியலீங்கம்மா. அரக்கனை இன்னும் கொல்லலீங்க."

அரக்கன் செத்த பிறகும் நஞ்சம்மாள் போவதை நிறுத்தவில்லை. கடைசியில் பத்மாவதியம்மாளே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு போய்ப் பார்த்தார். நடு அறையில் இருபது இருபத்தைந்து பெண்கள். டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஒல்லியாக ஒரு பெண். கதைக்குள் புதிதாக ஆள் யாராவது வந்தால் அவள் முதலில் பெயரைச் சொல்வதில்லை, முறையைச் சொன்னாள். "இவரு அந்தப் புள்ளைக்குத் தாய்மாமனுங்க, ஆனா பேச்சு வார்த்தை இல்லை." "இவ மூத்தவருக்கு ரெண்டாம் தாரத்து மகளுங்க." அவள் மறந்தாலும் பெண்கள் விடுவதில்லை. "அவ இவனுக்கு என்ன வேணும்?" என்று யாராவது கேட்பார்கள். முறை தெரியாமல் கதைக்குள் அவர்களுக்குக் கால் வைக்க முடியாது. முறை தெரிந்துவிட்டால் யாருக்காக அழலாம், யாரைத் திட்டலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஜாஹிதாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. தகப்பனார் அப்துல் வஹீது உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். அவரும் போய், தாயும் போய், ஒன்பது வயது மூத்த அண்ணன் ரசாக்தான் வளர்த்தான். வீட்டில் பேசுவது தமிழ். இந்தியை அவள் மாலை வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தெரிந்துகொண்டாள். ஆங்கிலம் தட்டச்சு மிஷினில் வந்தது. காந்திபுரத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அதனால்தான் கிடைத்தது.

ரசாக் வைத்திருந்தது பதினாறு எம்.எம். புரொஜெக்டர். பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, மில் குடியிருப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் கொண்டுபோய்ப் படம் ஓட்டுவான். பத்மாவதியம்மாள் அண்ணனையும் தங்கையையும் சேர்த்தே விடுதிக்கு வரவழைத்தார். மாதக் கடைசி ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. ஊரிலிருந்த திரைப்படக் கழகம் ஒன்று பெட்டியை அனுப்பும். எந்த நாட்டுப் படமானாலும் வசனத்தை ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள் முன்கூட்டியே தபாலில் வந்துவிடும். ஜாஹிதா அதைப் படித்து வைத்துக்கொண்டு, சின்ன டார்ச்சும் மைக்குமாகத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள். ஜப்பான்காரியும் ரஷ்யாக்காரனும் "ஏனுங்க, சோறு உண்டாச்சுங்களா" என்று கேட்பார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

ரசாக்குக்கும் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே படத்தை ஒருதரம் ஓட்டிப் பார்ப்பான். பெண்களோ குடும்பமோ பார்க்கக் கூடாது என்று அவனுக்குப் படுகிற இடம் எதுவோ, அதைக் குறித்துக்கொள்வான். மறுநாள் அந்த இடம் வந்ததும் ஒரு அட்டைத் துண்டை லென்சுக்கு முன்னால் பிடிப்பான். திரை இருண்டுவிடும், சத்தம் மட்டும் வரும். அட்டையை எடுக்கும்போது படத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். யாரும் இதைக் குறை சொன்னதில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் ரசாக்கைத் தேடி வந்ததே அந்த அட்டைக்காகத்தான்.

இனி ரங்கநாயகி. பத்மாவதியம்மாளின் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த தங்கை ஒருத்தி, உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்தது. அவளுடைய மூத்த மகள். பருத்தியும் மில் பங்கும் உள்ள தெலுங்குக் குடும்பம். இரண்டு தரம் சம்பந்தம் பேசி இரண்டும் தட்டிப்போனது. பெண் ஒரு மில்லில் நூல் பரிசோதிக்கும் வேலைக்கு வந்து, தொண்ணூற்றிரண்டில் அத்தையின் விடுதியிலேயே தங்கினாள். அந்த வருஷத்திலிருந்து ஜாஹிதா மாதம் ஒருநாள் வருவதை விட்டுத் தினமும் வர ஆரம்பித்தாள். இன்ஸ்டிடியூட் ஆறு மணிக்கு முடியும். எட்டு மணி பஸ் வரைக்கும் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே டிபன் டப்பா இருவருக்கும். பத்மாவதியம்மாள் பார்த்தார். சிநேகம் என்று அதற்கு ஒரு பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

தொண்ணூற்றாறு, ஆவணியில் ஜாஹிதாவுக்கு இடம் அமைந்தது. பல்லடத்தில் ஆஸிம் என்பவர், பதினெட்டுத் தறி ஓடுகிறது, மனைவி தவறி இரண்டு பிள்ளைகள். அவருக்கு அக்கா மெஹராஜ். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுடைய மாமனாரும் அப்துல் வஹீதும் ஒரே மதரசாவில் ஓதியவர்கள், அந்த வழியில் வந்த பேச்சு. முப்பத்திரண்டு வயதாகிவிட்ட தங்கைக்கு இதற்கு மேல் ஒரு இடம் வராது என்று ரசாக் உறுதியாக நம்பினான். நிக்காஹ்வுக்கு இருபது நாள் இருந்தது.

அந்த வாரம் ஜாஹிதா விடுதி ஆபீஸ் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்கு அந்த இடம் வேண்டாங்கம்மா."

"ஏன் கண்ணு, ரெண்டாந்தாரம்னா?"

"எந்த இடமும் வேண்டாங்க. அண்ணன் நீங்க சொன்னாக் கேக்கும். நீங்க சொல்லோணும்."

பத்மாவதியம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவிக் கொத்தைப் பார்த்தார். "எல்லாப் பொண்ணும் மொதல்ல இப்படித்தான் சொல்லும் அம்மணி. போனாச் செரியாப் போயிரும்."

ஜாஹிதா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ரங்கநாயகி அன்றிரவு சாப்பிட வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

அந்த மாதப் படப்பெட்டி சனிக்கிழமை வந்தது. முன்பே வந்த கடிதத்தில் கழகத்துக்காரர் இரண்டே வரி எழுதியிருந்தார்: அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் பருவம் அடைந்து ஆளாவது பற்றிய படம், தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் கதை, பெண்கள் அவசியம் பார்க்க வேண்டும். பத்மாவதியம்மாள் அதை வைத்தே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் ரசாக் ஓட்டிப் பார்த்தான். பார்த்தது மூன்று பேர்.

டெல்லா என்று ஒரு பெண், பதினேழு வயது. அம்மா யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் வேலை. ரயில் பாதை ஓரத்து வீடு. பக்கத்துத் தெருவுக்கு ரூத் என்று ஒருத்தி குடிவருகிறாள். முதலில் தலை பின்னிவிடுகிறாள். பிறகு ஒன்றாகச் சுற்றுகிறார்கள். பிறகு நடப்பதைப் பத்மாவதியம்மாள் மூச்சு விடாமல் பார்த்தார். திரையிலிருந்து கண்ணை எடுத்து ஜாஹிதாவைப் பார்த்தார். ஜாஹிதா திரையைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிநேகம் என்று வைத்த பெயர் அந்த நேரத்தில் உதிர்ந்துபோனது. நாலு வருஷத்து மாடிப்படி முழுவதும் பத்மாவதியம்மாளுக்குக் கண்முன் வந்தது.

ரசாக் ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தான். மிஷின் சத்தத்துக்குள் பத்மாவதியம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தாள் வந்து எட்டு நாளாச்சுங்கம்மா."

"ஏன் சொல்லலே?"

"வேண்டாம்னுருவீங்க."

ரசாக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முகம் வேர்த்திருந்தது. "அஞ்சு எடத்துல அட்டை வெக்கோணுங்கம்மா. ஒண்ணு நீளம்."

"அட்டை வெச்சாத் தீருமா ரசாக்? நிறுத்திப்போடலாம்."

"நாளைக்குப் பல்லடத்துல இருந்து மாப்பிள்ளையோட அக்கா வாராங்க. பொண்ணு படம் சொல்றதைக் கேக்கோணும்னே வாராங்க. படம் இல்லைன்னா ஏன்னு கேப்பாங்க, நான் என்னங்க சொல்றது? கழகத்துக்காரரு வேற எங்கயாச்சும் சொல்லிப்போட்டார்னா அதைவிடக் கேவலமுங்க." அவன் தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் எதையாவது கேட்க வேண்டி வந்துவிடும் என்பதுபோல மிஷினையே பார்த்துப் பேசினான்.

அப்போதுதான் பத்மாவதியம்மாள் அந்த யோசனையைச் சொன்னார். "ஜாஹிதா, ரெண்டு புள்ளைகளையும் அக்கா தங்கச்சியாக்கிப்போடு. ரூத்து அவளுக்குச் சித்தி மகள்னு மொதல்லயே சொல்லிரு. அப்பறம் கட்டிப்புடிச்சாலும் கையைப் புடிச்சாலும் யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. மிச்சத்துக்கு ரசாக் அட்டை இருக்குது."

"நல்ல யோசனைங்க," என்றான் ரசாக்.

ஜாஹிதா தாளை நாலாக மடித்தாள். "செரிங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஜன்னல்களில் விடுதிப் போர்வைகளைக் கட்டி இருட்டாக்கினார்கள். நாற்பது பேருக்கு மேல். மெஹராஜ் முன்வரிசை நாற்காலியில். கனத்த உடம்பு, கண்ணாடி, மடியில் பேரீச்சம்பழப் பொட்டலம். ரங்கநாயகி மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பத்மாவதியம்மாள் எப்போதும்போலச் சுவர் ஓரம், சுவிட்ச் போர்டுக்குக் கீழே. ரீல் மாற்றும்போது விளக்குப் போடுவது அவர் வேலை.

படம் ஆரம்பித்ததும் நஞ்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இங்கிலீசுப் படம்னீங்க. எல்லாம் நம்ம கலருலதான் இருக்கறாங்க."

"நீ கண்ணாடியில பாத்ததில்லையா நஞ்சக்கா, அவங்க எவ்வளவோ தேவலாம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது.

"எந்த மகராசி அது? சாயங்காலம் சோத்துக்கு வருவீல்ல, அப்ப வெச்சுக்கறேன்."

ஜாஹிதாவின் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. டெல்லா அம்மாவிடம் "ஏனம்மா, என்னைய ஒருநாளாச்சும் நம்பு" என்றாள். அம்மாக்காரி "உன்னைய நம்பறேன் கண்ணு, ஊரைத்தான் நம்பலே" என்றாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். முன்வரிசையில் மெஹராஜின் தலை மெதுவாக ஆடியது.

ரூத் திரையில் வந்தாள். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தாள்.

"இவ அவளுக்கு என்ன வேணுங்க?" என்றாள் நஞ்சம்மாள்.

பத்மாவதியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சித்தி மகளுங்க," என்றாள் ஜாஹிதா. "தங்கச்சி முறை."

கூடம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. முதல் ரீல் முடிந்து விளக்குப் போட்டபோது மெஹராஜ் எழுந்து போய் ஜாஹிதாவின் கன்னத்தைத் தொட்டாள். "எங்க ஊட்டுல நாலு டிவி இருந்தும் ஒரு கதை புரியறதில்ல கண்ணு. வா, நீ வந்து சொல்லு." ஜாஹிதா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ரசாக் அந்தப் பக்கம் இரண்டாவது ரீலை மாட்டிக்கொண்டிருந்தான்; சிரித்த முகமாக இருந்தான். பத்மாவதியம்மாளும் யோசனை பலித்தது என்று நினைத்தார்.

தலை பின்னுகிற காட்சி வந்தது. ரொம்ப நேரம் போகிற காட்சி. டெல்லா படிக்கட்டில் கீழே உட்கார்ந்திருக்க, மேல்படியில் ரூத் உட்கார்ந்து அவள் முடியைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்துப் பின்னினாள். பெண்களுக்கு அது பிடித்துவிட்டது.

"எண்ணெயே வெக்காம எப்படிப் படியுது பாரு."

"கூடப்பொறந்தாப்பல பாத்துக்கறா. எந்தங்கச்சி என் தலையைத் தொட்டாப் புடுங்கிப்போடுவா."

"பேனையும் பாக்கச் சொல்லுங்க."

பத்மாவதியம்மாள் சிரிக்கவில்லை. அவர் கண் மூன்றாவது வரிசையில் இருந்தது. ரங்கநாயகி முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீளமான இடம் வந்தது. மழை, ஒரு சின்ன அறை, இரண்டு பெண்களும் நனைந்து ஓடி வந்து நிற்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். ரசாக் அட்டையை வைத்தான். திரை கறுப்பானது. மழைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கதவு திறக்கிற சத்தம். அவன் அட்டையை எடுத்தபோது டெல்லாவின் அம்மா வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. அவள் பாய்ந்து வந்து மகளை அடித்தாள். மேலும் மேலும் அடித்தாள். ரூத் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே சுவரோரம் நகர்ந்தாள். அட்டை அந்தப் பொத்தானுக்கு முன்பே எடுபட்டுவிட்டது.

ஜாஹிதா பேசவில்லை.

"ஏன் அடிக்கறா?" என்று யாரோ கேட்டார்கள். "என்ன பண்ணிப்போட்டாங்க?"

இருட்டுக்குள் ஒவ்வொருத்தியாகக் கணக்குப் போடுவது பத்மாவதியம்மாளுக்குத் தெரிந்தது. அட்டை மறைத்த இடத்தையும் அந்தப் பொத்தானையும் சேர்த்து வைத்துப் பார்க்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அடக் கருமமே," என்றாள் நஞ்சம்மாள், குரல் இறங்கிப்போய். "கூடப்பொறந்த முறையாச்சே."

"சித்தி மகள்னு சொன்னாளே."

"தங்கச்சியைப் போயா. இதையெல்லாமா படமா எடுப்பாங்க."

மெஹராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். யாரும் ஒன்றும் நினைக்கக் கூடாது என்றுதான் பத்மாவதியம்மாள் இரண்டு பெண்களையும் சொந்தமாக்கினார். இப்போது அந்தச் சொந்தமே படத்தில் இல்லாத ஒரு பாவத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. ஊரில் எந்த வீட்டிலும் வாயால் சொல்லாத பாவம்.

மைக்கில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் ஜாஹிதா. "நான் தப்பாச் சொல்லிப்போட்டேன். ரூத்து இவளுக்குச் சித்தி மகள் இல்லைங்க. எந்தச் சொந்தமும் இல்லை. வேற தெரு, வேற குடும்பம். சொந்தம்னு நானாத்தான் சொல்லிக்கிட்டேன்."

நானாத்தான் என்ற சொல்லைக் கேட்டதும் பத்மாவதியம்மாளுக்குத் தலை குனிந்தது.

"அப்ப என்ன வேணும்?" என்றாள் நஞ்சம்மாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"இவளுக்கு அவ மேல ஆசைங்க. அவளுக்கும் இவ மேல ஆசை. கட்டிக்கப் போறவங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருக்குமே, அந்த ஆசை. ரெண்டு பேரும் பொண்ணுங்க, அவ்வளவுதான். அதுக்குத்தான் அம்மாக்காரி அடிக்கறா."

ரசாக் அட்டையைத் தேடினான். கிடைக்கவில்லை. உள்ளங்கையை லென்சுக்கு முன்னால் வைத்தான். திரை இருண்டது. விரல் இடுக்கு மட்டும் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

"ஜாஹி. போதும்."

படத்தில் தாயும் மகளும் கத்திக்கொள்வது கேட்டுக்கொண்டிருந்தது. ஜாஹிதாவின் டார்ச் தாளின் மேல் எரிந்தது.

"அண்ணன் கையை வெச்சு மறைச்சிருக்குதுங்க. பரவால்ல, நான் சொல்றேன். அம்மாக்காரி கேக்கறா: நாளைக்குத் தேவாலயத்துல என் பக்கத்துல யாருடி உக்காருவா? மக சொல்றா: நான் உக்காருறேன்மா. அம்மா சொல்றா: நீ எனக்கு மகளே இல்லை. மக சொல்றா: அதை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

"அம்மா," என்று ரசாக் இருட்டுக்குள் கூப்பிட்டான். "லைட்டைப் போடுங்கம்மா. மைக்கை நிறுத்துங்க."

சுவிட்ச் தலைக்கு மேல்தான் இருந்தது. பத்மாவதியம்மாள் எழுந்து அதன்மேல் விரலை வைத்தார். போட்டால் எல்லாம் நின்றுவிடும். போட்டால் நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். இருட்டில் அது பத்மாவதியம்மாளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சம் வந்தால் தெரியாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். உடுமலைப்பேட்டைக்குச் சேதி ராத்திரி பஸ்ஸிலேயே போய்விடும்.

விரலை எடுத்துவிட்டார்.

"கையை எடு ரசாக்," என்றார். "சுட்டுக்குவே. படம் ஓடட்டும்."

அவன் எடுக்கவில்லை. பிறகு மெஹராஜ் திரும்பாமலே சொன்னாள். "எடுங்க தம்பி. கேட்டது கேட்டாச்சு. இனி என்ன மறைக்கறது?"

கை கீழே இறங்கியது.

மூன்றாவது ரீலுக்கு விளக்குப் போடாமலே, டார்ச் வெளிச்சத்தில் மாற்றச் சொன்னார் பத்மாவதியம்மாள். அந்த இடைவேளையில் பதினோரு பேர் எழுந்து போனார்கள். போகும்போது சிலர் வாய்க்குள் பேசினார்கள், ஒருத்தி மைக் பக்கம் காறித் துப்புவதுபோலச் செய்தாள். நஞ்சம்மாள் போகவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னாள், எழுந்திருக்கவில்லை. டெல்லா ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அம்மா சமையலறையில் நின்று, அவள் போகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டாள். அந்த இடத்தில் ஜாஹிதா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தாளில் ஒன்றும் இல்லை.

மெஹராஜ் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். போகும்போது வாசலில் பத்மாவதியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு படத்தை வெச்சுத் தன் நெசத்தைச் சொல்லிருச்சுங்க. வந்தப்பறம் தெரிஞ்சிருந்தா எந்தம்பி பாழாப் போயிருப்பான், அதும் பாழாப் போயிருக்கும். எங்க ஊட்டுக்கு ஆகாதுங்க. வெளியில நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

அவள் பேசவில்லை. ஆனால் பதினோரு பேர் பேசினார்கள். மூன்றாம் நாள் பல்லடத்திலிருந்து நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. ரசாக் தங்கையை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவள் இருக்கும் அறைக்குள் வராமல் இருந்தான். ஆறு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் காலையில் அவள் ஒரு டிரங்குப் பெட்டியும் தட்டச்சு மிஷினும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விடுதிக்கு வந்தாள்.

"அறை இருக்குதுங்களா அம்மா?"

"ரெண்டு பேர் அறைதான் இருக்குது," என்றார் பத்மாவதியம்மாள். "ரங்கநாயகி அறையில ஒரு கட்டில் காலி."

அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமில்லை. நிர்வாகத்தில் இரண்டு பேர் விளக்கம் கேட்டு எழுதினார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் வந்து ஒரு மத்தியானம் முழுக்க ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ரங்கநாயகி அவர்கள் எதிரில் நின்று, வர மாட்டேன் என்று தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த நாத்தனார் அதற்குப் பிறகு பத்மாவதியம்மாள் வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை. பத்மாவதியம்மாளின் பேத்தி காதுகுத்துக்கு அழைப்பு போயும் வரவில்லை. விடுதியில் மாதப் படம் நின்றுபோயிற்று.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு நூற்பாலையில் ரங்கநாயகிக்கு வேலை கிடைத்தது. சாமானை ஏற்றிய வேனில் முன்சீட்டில் அவளும் ஜாஹிதாவும் உட்கார்ந்து போனார்கள். வழியனுப்ப நின்றது பத்மாவதியம்மாளும் நஞ்சம்மாளும் மட்டும். ரசாக் மேலும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தான். அப்புறம் ஒரு கோடை விடுமுறையில் மகள் ஹுமேராவை டைப்பிங் கற்றுக்கொள்ள அங்கே அனுப்பினான். பஸ் ஏற்றிவிட வந்தவன் தானும் ஏறிப் போய்விட்டான். அங்கே வாசலிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினான். பத்மாவதியம்மாள் அதை நஞ்சம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

ஜாஹிதா இப்போது சத்தியமங்கலத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் இருக்கிறாள். கீழே தட்டச்சும் ஜெராக்சும் எடுக்கிற கடை, மேலே வீடு. வீட்டு வரி ரங்கநாயகி பெயரில் வருகிறது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.